இங்கிலாந்தில் கட்டடம் கட்டினால் இயற்கைக்கு 10% கூடுதல்

இங்கிலாந்தில் புதிய குடியிருப்புகளுக்கோ கடைகளுக்கோ அனுமதி கேட்கும் கட்டுமான நிறுவனம், மனையில் ஏற்கெனவே இருந்த வாழிடத்தின் (செடிகளும் விலங்குகளும் வாழும் இடத்தின்) மதிப்பைவிடக் குறைந்தது 10% கூட்டிக் காட்ட வேண்டும். 'பயோடைவர்சிட்டி நெட் கெயின்' (பல்லுயிர் வளத்தில் நிகர ஆதாயம்) எனப்படும் இந்த விதிக்கு அடிப்படை 2021-இன் சுற்றுச்சூழல் சட்டம். பெரிய திட்டங்களுக்கு இது 2024 பிப்ரவரி 12 அன்று நடைமுறைக்கு வந்தது. சொந்த வீட்டை நீட்டிக் கட்டுவது போன்ற சில வேலைகளுக்கு விலக்கு உண்டு.

எத்தனை செடி நட்டார்கள் என்று இந்த விதி பார்ப்பதில்லை. எந்த வகை வாழிடம், எவ்வளவு பரப்பு, எந்த நிலையில் இருக்கிறது என்று அளந்து அலகுகளாகக் கணக்கிடுகிறார்கள். உயிர்வேலிக்குத் தனிக் கணக்கு; அதை வெட்டிவிட்டுப் புல் விரித்து ஈடுகட்ட முடியாது. விண்ணப்பிக்கும் முன்பே மனையை மொட்டையடித்து மதிப்பைக் குறைக்கவும் வழியில்லை. 2020 ஜனவரி 30-க்குப் பிறகு அனுமதியின்றி அழித்திருந்தால், அழிப்பதற்கு முந்தைய நிலையையே எடுத்துக்கொள்வார்கள். இந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அப்படியானால் எதை நடுவது? ஹாதார்ன், பிளாக்தார்ன், ஹேசல் என்று மண்ணுக்குரிய செடிகள் கலந்த உயிர்வேலி வசந்தத்தில் தேனீக்களுக்குப் பூவும், குளிர்காலத்தில் பறவைகளுக்குப் பழமும் தரும். அடுக்கு இதழ் அலங்காரப் பூக்கள் கண்ணுக்கு அழகுதான். ஆனால் பலவற்றில் தேனீ தேனை எட்டவே முடியாது. காட்டுப்பூ வெளிக்கு உரம் போட்ட வளமான மண் ஆகாது, புல் ஓங்கிப் பூச்செடிகளை அமுக்கிவிடும். கோடை முடிவில் அறுத்து, அறுத்ததை அள்ளிவிட வேண்டும். பறவைக்கூடு, வவ்வால் பெட்டி வைப்பது நல்ல காரியம். ஆனாலும் அதற்கு அலகு கிடைக்காது.

மனைக்குள் 10% எட்டாவிட்டால் வேறு இடத்தில் உருவாக்கலாம், அல்லது அங்கே உருவாக்கியவரிடம் அலகு வாங்கலாம். அதுவும் முடியாதபோதுதான் அரசிடம் கிரெடிட் (அலகுக்கு ஈடாக அரசு விற்பது) வாங்க இடமுண்டு. இந்த 10%-ஐ எப்படி எட்டப்போகிறார்கள் என்ற திட்டத்தை உள்ளூர்க் கவுன்சில் ஏற்கும்வரை வேலையைத் தொடங்கக் கூடாது. உருவாக்கிய முக்கிய வாழிடங்களை 30 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும்.

அங்கே வீடு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த 30 ஆண்டுகளும் யார் பராமரிப்பார்கள், அந்தச் செலவு உங்கள் ஆண்டுக் கட்டணத்தில் சேருமா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டுவிடுங்கள்.