கிராமபோன் குழாய் சக்தியைக் கூட்டுறதில்ல

மூதூரில இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார், "அண்ணா, தாத்தாட கிராமபோனுக்கு கரண்டும் இல்ல, ஆம்பும் இல்ல, ஆனா பாட்டு முத்தம் வரைக்கும் கேக்குது, அந்தப் பித்தளைக் குழாய்தானே சத்தத்தைப் பெரிசாக்குது?" எண்டு. குழாயாலதான் பெரிசாக் கேக்குது தம்பி, ஆனா ஆம்ப் மாதிரி இல்ல. குழாய் ஒரு துளி சக்தியையும் கூட்டுறதில்ல. கேக்கிற சத்தத்தின்ட சக்தி முழுக்க உங்கட கையில இருந்து வந்தது, கைபிடியைச் சுத்தி ஸ்பிரிங்கை முறுக்கினீங்களே, அதுதான்.

வரலாறு பள்ளிக்கூடத்தில படிச்சிருப்பீங்க. 1877இல எடிசன் தகரத்தாள் சுத்தின உருளையில குரலைப் பதிஞ்சார், பிறகு மெழுகு உருளை வந்துது, 1887இல பெர்லினர் தட்டுக்கு மாறினார். எங்கட வீடுகளில மிஞ்சிக் கிடக்கிறது கூடுதலா அரக்கில செய்த, நிமிசத்துக்கு 78 சுத்துச் சுத்துற தட்டுதான். தட்டில கீறியிருக்கிற பள்ளத்தின்ட வளைவு ஊசியை இடமும் வலமும் தள்ளும், ஊசி ஒரு சின்ன நெம்புகோலை ஆட்டும், அது ஊசி பூட்டியிருக்கிற வட்டப் பெட்டிக்குள்ள, சவுண்ட் பொக்ஸ் எண்டு சொல்லுறது, அதுக்குள்ள இருக்கிற மெல்லிய மைக்காத் தகட்டை ஆட்டும். ஊசியில இறங்குற பாரம் 100 கிராமுக்கு மேல, இப்பத்த பிளேயர்களில ரெண்டு கிராம் மாதிரித்தான். இவ்வளவு பாரத்தோட சுத்தித் தள்ளுறபடியாத்தான் தகட்டை ஆட்டப் போதுமான பலம் வருது.

இனித்தான் எனக்குப் பிடிச்ச இடம். சவுண்ட் பொக்சை கழட்டிக் கையில பிடிச்சு, கீறல் விழுந்த தேவையில்லாத தட்டு ஒண்டில ஊசியை வைச்சுப் பாருங்கோ. நுளம்பு மாதிரி ஒரு மெல்லிய கீச்சுக் குரல் வரும், அவ்வளவுதான். தகடு நல்லா ஆடிக்கொண்டுதான் இருக்கு, ஆனா காத்து சரியான இலேசு, சின்னத் தகடு தள்ளினா முன்னால இருக்கிற காத்து பக்கத்தால வழுவிப் போயிடும். வெறும் ஈர்க்கால வீசினா காத்து வராது, ஓலை விசிறியால வீசினா வரும், கை அதே கைதான். குழாய் செய்யிறது இதைத்தான், ஒடுங்கின வாயில காத்தை வழுவ விடாம அடைச்சுப் பிடிச்சு, கொஞ்சம் கொஞ்சமா அகட்டி, கடைசியில ஒரு பெரிய வாயளவு காத்தை முழுசா அசைக்க வைக்குது. அதால தகட்டின்ட சக்தி வீணாகாம வெளிய போகுது. குறிப்பிட்ட நீளத்துக்கு ஒருக்கா பரப்பு இரட்டிக்கிற மாதிரி விரிஞ்சா நல்லது, அப்பிடிக் கணக்குப் போட்டுச் செய்த குழாய் 1925இலதான் கடைக்கு வந்துது.

ஆனா குழாய்க்கு ஒரு எல்லை இருக்கு. அது எவ்வளவு வேகமா விரியுதோ அதைப் பொறுத்து ஒரு அளவுக்குக் கீழ உள்ள தாழ்ந்த ஓசைகளைத் தள்ளவே தள்ளாது. 1925க்கு முந்திப் பதியிறதும் குழாயாலதான், மைக் இல்ல, பாடுறவர் குழாய் வாய்க்குள்ள கத்திப் பாட, மற்றப் பக்கத்து ஊசி மெழுகைக் கீறும். ஏறக்குறைய 250இல இருந்து 2500 ஹேர்ட்ஸ் (ஒரு செக்கனுக்கு எத்தனை அதிர்வு எண்ட கணக்கு) மட்டும்தான் தப்பி வரும். டபுள் பேஸ் எடுபடாது எண்டு டியூபா ஊதினாங்க, வயலினிலயே குழாய் பூட்டினாங்க. ஆனா பகிடிப் பாட்டுக்கு இந்த எல்லை ஒரு குறையே இல்ல! ஆம்பிளைக் குரலின்ட அடி ஓசை 100 ஹேர்ட்ஸ் கிட்ட, அது பதிவாகாது, ஆனா சொல்லு விளங்குறதுக்குத் தேவையானதில பெரும்பகுதி அந்த இடைவெளிக்குள்ளயே இருக்கு, விடுபட்ட அடி ஓசையை எங்கட மூளையே நிரப்பிக்கொள்ளும். தெளிவா, பலமா, வெட்டி வெட்டிச் சொல்லுற பகிடிக்காரர்தான் அந்த மெசினுக்கு ஏற்ற ஆள். அமெரிக்காவில ஜோர்ஜ் ஜோன்சன் எண்ட கறுப்பினப் பாடகர் 1890களில ஒரு சிரிப்புப் பாட்டால பேர் எடுத்தார், தாளத்துக்குச் சரியாச் சிரிப்பார். அப்ப உருளையைப் பெருந்தொகையா நகல் எடுக்க வழி இல்லாததால அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிச் சிரிக்க வேண்டியிருந்தது, அந்த மனுசன்ட தொண்டையை நினைச்சா இப்பவும் மனசு கனக்கும்.

திருகோணமலையில இதுகளை வைச்சிருக்கிறது லேசில்ல, உப்புக்காத்து ஸ்பிரிங்கைத் துருவாக்கும், ஈரப்பதத்துக்கு மெழுகு உருளையில பூஞ்சணம் பிடிக்கும், வெயிலுக்கு அரக்குத் தட்டு வளையும். அதைவிட மோசம், செத்த ஆக்கள்ட குரல் வீட்டில இருந்தா ஆகாது எண்டு தட்டுகளைக் குப்பையில போடுறது. அது பேயில்ல, அரக்கில விழுந்த கோடு. கோட்டைக்கும் கோயிலுக்கும் காசு ஒதுக்குறம், நல்லது, ஆனா வீடுகளில கிடக்கிற தட்டுகளை டிஜிட்டலாக்க ஒரு அறையும் ஒரு நல்ல மெசினும் மாவட்டத்துக்கு ஒண்டு வேணும் எண்டு நான் சொல்லிக்கொண்டே இருப்பன்.

தம்பி, தாத்தாட தட்டுகளை ஸ்பிரிட்டால துடைக்காதேங்கோ, அரக்கு ஸ்பிரிட்டில கரையும். உருக்கு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் புதுசா மாத்துங்கோ, தட்டில கலந்திருக்கிற கல்லுத்தூள் ஊசியைத் தேய்ச்சுத் தன்ட பள்ளத்துக்குப் பொருத்தமாக்குற மாதிரித்தான் அதைச் செய்திருக்கினம், ஒரு பக்கம் ஓடி முடிய அந்த ஊசி உளி மாதிரி ஆயிடும், அதையே அடுத்த பாட்டுக்கு வைச்சா பள்ளத்தைச் செதுக்கிப்போடும். சத்தம் கூடிப்போச்செண்டா மெல்லிய ஊசி வாங்கிப் போடுங்கோ.