ஆஸ்வீகோ விருந்தும் ஆர் மொழியும்

பொதுச் சுகாதாரம் பயிலத் தொடங்கும் மாணவர்களுக்கு ஆர் என்னும் புள்ளியியல் நிரல்மொழியைக் கற்பிக்கும்போது, அதன் இலக்கணத்தை அல்ல, விடை தேட வேண்டிய ஒரு கேள்வியையே முதலில் முன்வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய இம்மொழி இலவசமாகக் கிடைப்பதால், படிப்பு முடிந்த பின்னும் மாணவருக்குப் பயன்படும்.

'எந்த உணவு இவர்களை நோயுறச் செய்தது?' என்பது அத்தகைய ஒரு கேள்வி. அதற்கு ஏற்ற தரவு, 1940 ஏப்ரல் 18 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்வீகோ கவுண்டியில் நடந்த தேவாலய விருந்தில் கிடைக்கிறது. விசாரிக்கப்பட்ட 75 பேரில் 46 பேர் வயிற்று உபாதையால் நோயுற்றிருந்தனர். தரவில் ஒருவருக்கு ஒரு வரிசை. உணவு ஒவ்வொன்றுக்கும் ஒரு நெடுவரிசை.

நோயுற்றவர்களில் 29 பேர் பன்றி இறைச்சி உண்டிருந்தனர் என்றதும் மாணவர் அதையே சந்தேகிப்பார். ஆனால் உண்டவர்களில் 63 விழுக்காட்டினரும் உண்ணாதவர்களில் 59 விழுக்காட்டினரும் நோயுற்றதை எண்ணிக்கைகளை அட்டவணையாக்கும் 'டேபிள்' என்னும் கட்டளை காட்டியவுடன் அச்சந்தேகம் வலுவிழக்கும். வனிலா ஐஸ்கிரீமிலோ, உண்ட 54 பேரில் 43 பேரும் உண்ணாத 21 பேரில் மூவரும் நோயுற்றிருந்தனர். அதாவது 80 விழுக்காட்டுக்கு எதிரே 14 விழுக்காடு. முழு எண்ணாக்காத இவ்விரு விகிதங்களில் முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் கிடைக்கும் 5.6 என்னும் ஒப்பீட்டு இடரை, அதாவது உண்ணாதவரைவிட உண்டவர் நோயுறும் வாய்ப்பு எத்தனை மடங்கு என்பதை, ஆயத்தக் கட்டளை எதுவுமின்றி மாணவரே தம் கையால் எழுதிக் கணக்கிட வேண்டும். சூத்திரத்தின் பொருள் அப்போதுதான் மனத்தில் பதியும்.

சாக்லேட் ஐஸ்கிரீமுக்கு வரும்போது அட்டவணையின் கூட்டுத்தொகை 74 ஆகிவிடுகிறது. ஒருவர் அதை உண்டாரா என்பது பதிவாகாததால், அவ்விடத்தில் என்.ஏ. என்னும் விடுபட்ட மதிப்பு இருக்கிறது. சராசரி காணும் 'மீன்' கட்டளை இத்தகைய மதிப்பைக் கண்டதும் விடையாக என்.ஏ. என்றே தருகிறது, 'டேபிள்' கட்டளையோ, நாம் கேட்டாலன்றி, அந்த ஒருவரைச் சொல்லாமலே விட்டுவிடுகிறது. இவ்வேறுபாட்டுக்கு ஒரு முழு வகுப்பையே ஒதுக்கலாம். ஏனெனில் நோய்ப்பரவல் விசாரணைகளில் விடுபட்ட மதிப்புகள் மிகுதி. யாரை ஏன் நீக்கினோம் என்பது நிரல் கோப்பில் எழுத்தாக இருந்தால்தான் பிறர் அதைச் சரிபார்க்க முடியும்.

அதே அட்டவணையில் சாக்லேட் உண்டவர்களில் 53 விழுக்காட்டினரும், உண்ணாதவர்களில் 74 விழுக்காட்டினரும் நோயுற்றிருப்பதால், சாக்லேட் நோயைத் தடுத்ததுபோல் தோன்றும். சாக்லேட் உண்ணாதவர்கள் வனிலாவை அதிகம் உண்டிருக்கலாம் என்பதால், அந்த முடிவை ஏற்பதற்கு முன், வனிலா உண்டோர், உண்ணாதோர் என இரு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அதே கட்டளையை மீண்டும் இயக்குமாறு மாணவர்களிடம் சொல்ல வேண்டும்.