ஈ.பி.எவ்., ஈ.ரி.எவ்.: சம்பளத்தில் எது கழியும், எது கழியக் கூடாது

இலங்கையில் வேலை பார்ப்பவர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பான ஈ.பி.எவ். பற்றித் தமிழில் தேடினால் கைக்கு வருவது பெரும்பாலும் இந்திய விளக்கம். 12 வீதம் பிடிப்பார்கள், ஆதாரை இணைக்க வேண்டும் என்று அதில் இருக்கும். மலேசியாவிலும் ஒரு ஈ.பி.எவ். உண்டு, அங்கே தொழிலாளியிடம் பொதுவாகப் பிடிப்பது 11 வீதம். எழுத்து மூன்றும் ஒன்றுதான், ஆனால் நிதியமும் வேறு, சட்டமும் வேறு. யாழ்ப்பாணத்தில் புடைவைக்கடையிலோ பாமசியிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் அவற்றைப் படித்துவிட்டு, தங்கள் கணக்கு பிழை என்று பயப்படத் தேவையில்லை.

நமக்குரியது 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி வந்த ஊழியர் சேமலாப நிதியம். உங்கள் சம்பளத்தில் குறைந்தது 8 வீதம் கழியும். முதலாளி தன் பங்காகக் குறைந்தது 12 வீதம் போட வேண்டும். பணம் மத்திய வங்கியில் உங்கள் பெயரில் சேரும். சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழில் திணைக்களம்.

ஈ.ரி.எவ். என்பது ஊழியர் நம்பிக்கை நிதியம். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம், அதற்கென்று தனிச் சபை. இதில் 3 வீதம், முழுவதும் முதலாளியின் பணம். உங்கள் சம்பளத்திலிருந்து ஒரு சதமும் எடுக்கக் கூடாது.

சம்பளம் 50,000 ரூபா என்று வைப்போம். உங்களிடம் கழிவது 4,000. முதலாளி 6,000 சேர்ப்பார், அப்புறம் ஈ.ரி.எவ். இற்கு 1,500. மற்றக் கழிவு எதுவும் இல்லையென்றால் கையில் 46,000 வர வேண்டும். சில இடங்களில் இரண்டையும் ஒரே வரியில் 'ஈ.பி.எவ்./ஈ.ரி.எவ்.' என்று போட்டு, முதலாளியின் பங்கையும் ஊழியரின் தலையில் கட்டிவிடுகிறார்கள். இது சட்டமீறல். மாதம் 7,500 ரூபா என்பது ஒரு குடும்பத்துக்குச் சின்னக் காசு இல்லை. சம்பளத் துண்டில் 8 வீதத்துக்கு மேல் கழிந்திருந்தால் ஏன் என்று கட்டாயம் கேளுங்கள். ஓவர்டைம் காசு இந்தக் கணக்கில் சேராது என்பதையும் நினைவில் வைத்துப் பாருங்கள்.

"கடையில் நாங்கள் இரண்டு பேர்தானே, எங்களுக்கு ஏன் ஈ.பி.எவ்." என்று சொல்வதும் சரியில்லை. ஒரே ஒருவர் வேலைக்கு நின்றாலும் முதலாளி கட்ட வேண்டும். பயிற்சிக் காலம், நாட்சம்பளம் என்றும் தட்டிக்கழிக்க முடியாது. பிந்திக் கட்டினால் மேலதிகக் கட்டணம் முதலாளிக்குத்தான்.

எடுப்பதிலும் இரண்டும் வேறுபடும். ஈ.பி.எவ். பொதுவாக ஆண்களுக்கு 55 வயதில், பெண்களுக்கு 50 வயதில். பத்து வருடம் கட்டி, கணக்கில் மூன்று இலட்சமாவது இருந்தால், வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்கலாம். ஈ.ரி.எவ். வேலையை விட்டதும் வயது பாராமல் கிடைக்கும். ஆனால் அடுத்த தடவை எடுக்க ஐந்து வருடம் போக வேண்டும்.

கட்டவில்லை என்று தெரிந்தால் ஈ.பி.எவ். முறைப்பாட்டைத் தொழில் அலுவலகத்தில் கொடுங்கள். சம்பளத் துண்டு, நியமனக் கடிதம், அடையாள அட்டைப் பிரதி கொண்டு போனால் நல்லது. வேலை மாறும்போது உறுப்பினர் இலக்கமும் மாறும். பழைய இலக்கத்தையும் பழைய முதலாளியின் பதிவு இலக்கத்தையும் எழுதி வையுங்கள்.