சிஎஸ்ஆர்: யார் இடும் ஒப்பம்?

இணையதளத்துக்குச் சான்றிதழ் கேட்டு, சான்றளிக்கும் அமைப்புக்கு அனுப்பும் கோப்புதான் சிஎஸ்ஆர். பைத்தான் நிரல்மொழியின் கிரிப்டோகிராஃபி நூலகத்தில் முதன்முறை அதை உருவாக்குபவர்கள் ஒரே இடத்தில் தடுமாறுவார்கள். பெயர், டொமைன் எல்லாம் நிரப்பியாயிற்று. கடைசியில் 'சைன்' என்ற மெத்தடை அழைத்து, அதற்கு நம் பிரைவேட் கீயை, அதாவது நம்மிடம் மட்டுமே இருக்கும் ரகசியச் சாவியை, கொடுக்க வேண்டும். "கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்கத்தானே இந்தக் கோப்பு? அப்புறம் நானே ஏன் போடுகிறேன்?"

நியாயமான கேள்வி. குழப்பம் பெயரில்தான் இருக்கிறது.

சிஎஸ்ஆர் என்றால் சர்டிஃபிகேட் சைனிங் ரிக்வெஸ்ட். இதில் வரும் 'சைனிங்', சான்றளிக்கும் அமைப்பு நம் விவரங்களைச் சரிபார்த்துவிட்டுச் சான்றிதழில் இடப்போகும் ஒப்பம். ஆனால் அதற்கு முன்பே இன்னொரு ஒப்பம் உண்டு. கோப்பில் நம் பப்ளிக் கீ, அதாவது யாரிடமும் கொடுக்கக்கூடிய இணைச் சாவி, மட்டும்தான் போகிறது. பிரைவேட் கீ போவதில்லை. அந்தப் பப்ளிக் கீக்கு இணையான பிரைவேட் கீ நம்மிடம்தான் இருக்கிறது என்று காட்டவே நாமும் ஒப்பமிடுகிறோம்.

இதன் தரநிலை பிகேசிஎஸ் 10. 2000-ஆம் ஆண்டு ஆர்எஃப்சி 2986 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியானபோதும் அதில் இதன் பெயர் 'சர்டிஃபிகேஷன் ரிக்வெஸ்ட்' என்பதே. உருவான கோப்பைத் திறந்து பாருங்கள்: முதல் வரியில் 'பிகின் சர்டிஃபிகேட் ரிக்வெஸ்ட்' என்று இருக்கும். சைனிங்கைக் காணோம். கோ என்ற நிரல்மொழியின் நூலகமும் 'கிரியேட் சர்டிஃபிகேட் ரிக்வெஸ்ட்' என்றே சொல்கிறது.

சரி, தமிழில்? சர்டிஃபிகேட்டுக்குச் சான்றிதழ் நிலைத்துவிட்டது; சான்றும் இதழும் சேர்ந்த நல்ல சொல்.

சைன் என்பதன் மூலம் லத்தீனில் அடையாளத்தைக் குறிக்கும் 'சிக்னும்'. நாம் பேச்சில் கையெழுத்து என்கிறோம். இங்கே கையும் இல்லை, எழுத்தும் இல்லை. உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சுருக்க எண்ணான ஹாஷைக் கொண்டு பிரைவேட் கீ ஓர் எண்ணை உண்டாக்குகிறது; பெறுபவர் பப்ளிக் கீயை வைத்து அது உள்ளடக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார். ஒப்புதல் என்றால் இசைவு. ஒத்தல் என்றால் பொருந்துதல். இரண்டையும் தாங்குவது 'ஒப்பம்'. இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரிந்து இல்லை.

ரிக்வெஸ்ட்டுக்கு 'வேண்டுகோள்' என்பார்கள். தூய தமிழ்ச் சொல்தான், ஆனால் வாயால் கேட்டாலும் அது வேண்டுகோளே. விவரங்களை நிரப்பி, கீழே ஒப்பமிட்டுக் கொடுப்பதற்கு நம்மிடம் இருக்கும் சொல் விண்ணப்பம். 'தெரிவித்தல்' என்ற பொருள்கொண்ட வடமொழி வேரிலிருந்து வந்தது. ஆழ்வார் பாசுரங்களிலேயே புழங்கி நம்முடையதாகிவிட்டது.

சொல்லுக்குச் சொல் வேண்டுமானால் 'சான்றிதழ் ஒப்ப வேண்டுகோள்' எனலாம். நான் எழுதுவது 'சான்றிதழ் விண்ணப்பம்'. அப்படிச் சொன்னால் அந்த 'சைன்' மெத்தட் யாரையும் குழப்பாது: விண்ணப்பத்தில் விண்ணப்பதாரர்தானே ஒப்பமிட வேண்டும்!