வாசற்படியில் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள்

போன வாரம் ஒரு அம்மா வந்தார். வலது கையில் இருந்த பிளாஸ்டரை அப்போதுதான் கழற்றியிருந்தார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவின் ஸ்காபரோ வந்தவர், வாசற்படியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டேன். "படியில ஐஸ் கிடந்தது. பிள்ளையள் வேலையால வாறதுக்கு முதல் துப்புரவாக்குவம் எண்டு கேத்தல்ல தண்ணி வச்சு ஊத்தினனான். நல்லாக் கொதிச்ச தண்ணிதான் பிள்ளை" என்றார். ஊற்றியபோது ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குப்பைத்தொட்டியை உள்ளே இழுக்கப் போனபோதுதான் விழுந்திருக்கிறார்.

இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) இந்தக் கதையை ஒவ்வொரு வின்ரரிலும் கேட்கிறேன். பத்திரமாக இருங்கள் என்று பொதுவாகச் சொல்லி அனுப்பி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் விளக்கமாக எழுதுகிறேன்.

"ஊத்தின உடன உருகிப் போச்சுதே, கண்ணால பார்த்தனே" என்பார்கள். உருகும்தான். உருகிய தண்ணீர் எங்கே போகிறது? யாரும் அதைக் கேட்பதில்லை. ஒரு கேத்தலில் 1.7 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். அது கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலும், மிக நல்ல கணக்கில் இரண்டு கிலோ ஐஸைத்தான் உருக்கும். படியின் கொங்கிறீற்றும் உறைந்து கிடப்பதால் உண்மையில் அதைவிடக் குறைவு. அந்த இரண்டு கிலோவை உருக்கி முடிக்கும்போது ஊற்றிய தண்ணீரின் சூடு முழுவதும் தீர்ந்துவிடும். இப்போது உங்கள் படியில் மூன்றரை லீற்றருக்கு மேல் தண்ணீர் நிற்கிறது, அதுவும் உறையத் தயாராக. வெளியே மைனஸ் பத்து. நீங்கள் ஐஸைக் குறைக்கவில்லை. இருந்ததோடு ஒரு கேத்தல் ஐஸைக் கூட்டியிருக்கிறீர்கள்.

அது கிடக்கும் விதமும் மாறிவிடுகிறது. மிதிபட்ட பனி சொரசொரப்பாக இருக்கும், வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரியும், கால் தானாகவே நிதானிக்கும். உருகிப் பரவி மறுபடி உறைந்தது கண்ணாடித் தகடு போல மெல்லியது. அதன் ஊடாகக் கொங்கிறீற் தெரிவதால் ஈரம் என்றுதான் நினைப்பீர்கள். நாங்கள் பயப்படுவது இந்தக் கறுப்பு ஐஸுக்குத்தான். அந்த அம்மாவும் படி துப்புரவாக இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் காலை வைத்தார்.

சுடுதண்ணீரில் உப்பைக் கரைத்து ஊற்றலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். ஐஸ் உருக உருக உப்பு நீர்த்துப் போகும், கடைசியில் அதுவும் உறையும். காரின் முன்கண்ணாடியிலும் ஊற்றாதீர்கள். சின்னக் கல் பட்ட கீறல் இருந்தால் போதும், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வெடித்துவிடும். கொதிக்கும் கேத்தலோடு ஐஸில் நடப்பதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

விழும்போது கையை ஊன்றுவது இயல்பு. மணிக்கட்டு அதில்தான் உடைகிறது. எலும்பு ஆறு வாரத்தில் பொருந்திவிடும், ஆனால் கை பழையபடி வர மாதக் கணக்காகும். அந்த அம்மாவிடம் தீர்த்தம் வாங்குவதுபோல உள்ளங்கையை நிமிர்த்தச் சொன்னேன். பாதியில் நின்றுவிட்டது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகவும் இதே திருப்பம் வேண்டும். இப்போது இடது கையில் கரண்டியோடு சாப்பிடுகிறார். இடியப்ப உரலைத் தொடவே முடியாது. இடுப்பெலும்பு உடையாமல் தப்பினாரே என்று நான் ஆறுதல்பட்டேன். அந்த வயதில் இடுப்பு உடைந்தவர்களில் பலர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை.

சரி, என்னதான் செய்வது? பனி விழுந்த கையோடு, யாரும் மிதிக்கும் முன் தள்ளிவிடுங்கள். மிதித்தால்தான் இறுகும். மிச்சம் இருக்கும் மெல்லிய படலத்துக்கு உப்பைக் கைப்பிடி அளவாகத் தூவி, நேரம் கொடுத்து, இளகியதைச் சுரண்டி ஓரமாகத் தள்ளுங்கள். சாதாரண உப்பு மைனஸ் பத்து வரைதான் ஒழுங்காக வேலை செய்யும். அதற்குக் கீழே போனால் கல்சியம் குளோரைட் வாங்குங்கள், அல்லது மணலைத் தூவுங்கள். மணல் உருக்காது, ஆனால் காலைப் பிடிக்கும். சப்பாத்து வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். ரொறன்ரோ மறுவாழ்வு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் ஐஸ் தரையைச் சாய்த்து, ஆட்களை நடக்கவிட்டுச் சோதித்து, பனித்துகள் குறியால் மதிப்பிடுகிறார்கள். ஒரு குறி வாங்கக்கூட 7 பாகைச் சரிவில் சறுக்காமல் நிற்க வேண்டும். "ரேட் மை ட்ரெட்ஸ்" என்று தேடினால் பட்டியல் கிடைக்கும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவிடம் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள், தயவுசெய்து. சும்மா இருக்க அவர்களுக்கு மனம் வராது, உங்களுக்கு உதவத்தான் கேத்தலைத் தூக்குகிறார்கள். உப்பு வாளியையும் பனி தள்ளும் சின்னச் சவலையும் கதவுக்கு உள்ளே, கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். ஏற்கெனவே ஊற்றிவிட்டார்கள் என்றால் தண்ணீர் உறையும் முன் தும்புத்தடியால் கூட்டித் தள்ளி, உப்போ மணலோ போட்டு, அன்று முழுக்கக் கராஜ் வழியாகப் போய்வாருங்கள்.

விழுந்துவிட்டால், கை வீங்கும் முன் மோதிரத்தையும் காப்பையும் கழற்றிவிடுங்கள். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். விரலை அசைக்க முடிகிறது, ஆகவே உடையவில்லை என்று எண்ணெய் போட்டு உருவாதீர்கள். உடைந்த கையிலும் விரல் அசையும். அன்றைக்கே எக்ஸ்ரே எடுங்கள்.