மலையகத்தில் வீடு வாங்கி வாடகைக்கு விடுமுன்

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் வீடு வாங்கி வாடகைக்கு விட நினைப்பவர்கள் விலையைப் பேசுவதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும்: இது என்ன வகைக் காணி?

தனியார் உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருட உரிமைத் தொடர்ச்சியை, உறுதி எழுதும் நொத்தாரிசு மூலம் பார்ப்பது வழக்கம். அரசாங்கம் கொடுத்த பெர்மிட் காணி வேறு கதை. அது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. பிரதேச செயலாளரின் எழுத்துமூல சம்மதம் இல்லாமல் கைமாற்றினால் செல்லாது. தோட்டக் காணியோ இன்னும் சிக்கல். எழுபதுகளின் காணிச் சீர்திருத்தத்தில் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகள் அவற்றைக் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. லயக் காம்பிராவையோ அதை ஒட்டிய தோட்டத் துண்டையோ ஒருவர் 'விற்கிறேன்' என்று தாளில் எழுதிக் கொடுத்தால், அவரிடம் இல்லாத உரிமைக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.

சரிவில் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை கேட்கப்படும். கட்டி முடித்த வீட்டை வாங்கும்போதும் அந்த அறிக்கையையும் பிரதேச சபையின் அனுமதியையும் கேட்டுப் பாருங்கள். 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் நடந்த மண்சரிவுக்குப் பிறகும் இதைச் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் இருப்பது ஆச்சரியம்தான்.

சரி, வீடு கைக்கு வந்துவிட்டது. அதிகமானோர் சறுக்குவது வாடகை ஒப்பந்தத்தில். டவுனில் ஒரு கடையில் டைப் அடித்து, முத்திரை ஒட்டி, சமாதான நீதவானிடம் சீல் வாங்கி, இரண்டு வருட ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்கிறார்கள். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். சமாதான நீதவானின் சீல் அதற்கு ஈடாகாது. நொத்தாரிசு எழுதாத ஒப்பந்தத்தை மாதாந்த வாடகையாக மட்டும் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். அப்போது நீங்கள் எழுதிய இரண்டு வருடத்துக்குப் பெறுமதி இல்லை. நொத்தாரிசுச் செலவை மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம் என்பேன். எழுதியதைக் காணிப் பதிவகத்தில் பதிந்தும் விடுங்கள்.

வாடகைக்காரர் எழும்ப மறுத்தால்? பூட்டை மாற்றுவது, லைட்டை வெட்டுவது, சாமானை வாசலில் வைப்பது எல்லாம் உங்களுக்கே எதிராகத் திரும்பும். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் காணித் தகராறுகளைப் பொலிஸ் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம், சம்பந்தப்பட்டவரும் நேரே போகலாம். தகவல் தாக்கல் செய்வதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை நீதிமன்றம் திரும்ப உள்ளே விடலாம். வீடு யாருடையது என்பதை அங்கே பார்ப்பதில்லை, யார் குடியிருந்தார் என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

சரியான வழி மாவட்ட நீதிமன்றம். குத்தகைக்குக் கொடுத்த இடத்தின் உடைமையை மீளப் பெறுவதற்கென்றே 2023இல் 1ஆம் இலக்கச் சட்டம் வந்தது. குத்தகை முடிந்தும் போகாதவர்மீது வழமையான வழக்கைவிட விரைவாக நடவடிக்கை எடுப்பதுதான் அதன் நோக்கம். அதற்குக் கையில் ஒழுங்கான குத்தகைப் பத்திரம் இருக்க வேண்டும். மேலே சொன்ன டைப் அடித்த தாளை வைத்துக்கொண்டு போனால் வழக்கறிஞருக்கே சிரமம்.

கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு, ஊர் வீட்டை உறவினரிடம் 'சும்மா இருங்க' என்று விட்டுப் போனவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் உரிமையாளருக்கு எதிராகப் பத்து வருடம் இடையூறின்றி வைத்திருந்தவர் உரிமை கோர இடம் தருகிறது. உங்கள் அனுமதியில் இருப்பவருக்கு அது லேசில் கிடைக்காது, ஆனால் அனுமதியில்தான் இருந்தார் என்பதைக் காட்ட ஏதாவது வேண்டுமே. அதனால் சிறு தொகையாவது வாடகை வாங்கி, ரசீது கொடுத்து, அடிக்கட்டையை வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகைக்காரர் ஏற்கெனவே இருக்கும் வீட்டையோ பழைய கடையையோ வாங்குவதானால் அவரும் சேர்ந்தே வருகிறார். விற்பனையால் அவருடைய குத்தகை முறியாது. நீண்ட காலமாக இருப்பவர் என்றால் 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு உண்டா என்று வழக்கறிஞரிடம் பாருங்கள். முற்பணம் கொடுக்குமுன் அவரையே நேரில் சந்தித்து, எப்போதிருந்து இருக்கிறார், என்ன வாடகை, எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தார் என்று கேளுங்கள். விற்பவர் சொன்னதோடு அது ஒத்துப்போகவில்லை என்றால், காசை வெளியே எடுக்காதீர்கள்.