ஆணா பெண்ணா: மணல் சூடு சொல்லும் கணக்கு

மனிதருக்கு ஆணா பெண்ணா என்பது கருத்தரிக்கும்போதே முடிவாகிவிடும். அப்பாவிடமிருந்து வந்தது எக்ஸ் குரோமோசோமா, ஒய் குரோமோசோமா என்பதுதான் கணக்கு. கடலாமைக்குப் பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோம் கிடையாது. தாய் ஆமை ராத்திரியில் கரையேறி, பின்துடுப்புகளால் குழி பறித்து, சுமார் நூறு முட்டைகள் இட்டு, மணலைத் தள்ளி மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். அப்போதுகூட அந்த முட்டைகளில் எது ஆண், எது பெண் என்பது முடிவாகியிருக்காது. முடிவு செய்வது மணலின் சூடு.

மணல் ஏறத்தாழ 29 டிகிரி செல்சியஸில் இருந்தால் ஆணும் பெண்ணும் பாதிப்பாதி பொரிக்கும். இரண்டு டிகிரி கூடினால் அநேகமாக எல்லாமே பெண், இரண்டு டிகிரி குறைந்தால் ஆண். முட்டை மண்ணுக்குள் இருக்கும் 45 முதல் 60 நாட்களில், நடுவில் வரும் மூன்றில் ஒரு பங்கு காலம்தான் இதற்குக் கெடு. அதற்கு முன்போ பின்போ அடிக்கும் வெயில் பாலை மாற்றாது.

சூடு எப்படிப் பாலாக மாறுகிறது? சிவப்புக் காது நன்னீர் ஆமையை வைத்துச் செய்த ஆய்வுகள் இதை ஓரளவு அவிழ்த்துவிட்டன. அதன் கருவில் கேடிஎம்6பி என்று ஒரு மரபணு இருக்கிறது. குளிர்ந்த முட்டையில் இது வேலை செய்து, விந்தகத்தை உருவாக்கும் இன்னொரு மரபணுவை எழுப்பிவிடும். 2018இல் ஆய்வாளர்கள் இந்த மரபணுவை அடக்கிப் பார்த்தார்கள். ஆணாகியிருக்க வேண்டிய குளிர்ந்த முட்டைகளில் பெரும்பாலானவை பெண்ணாயின. சூடான முட்டையில் இதை அடக்குவது யார் என்பது 2020இல் தெரிந்தது. சூடு ஏறும்போது செல்லுக்குள் கால்சியம் கூடுகிறது. அது ஸ்டாட்3 என்ற புரதத்தைத் தூண்ட, அந்தப் புரதம் கேடிஎம்6பியின் வாயை அடைத்துவிடுகிறது.

சரி, பூமி சூடானால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில், வடகோடியில் உள்ள ரெய்ன் தீவு உலகிலேயே பேராமைகள் (பச்சைக் கடலாமைகள்) மிக அதிகமாக முட்டையிடும் இடங்களில் ஒன்று. இளம் ஆமையை வெளியிலிருந்து பார்த்துப் பால் சொல்ல முடியாது. வளர்ந்த ஆணுக்குத்தான் வால் நீண்டிருக்கும். அதனால் மேய்ச்சல் பரப்பில் ஆமைகளைப் பிடித்து, ஹார்மோனைச் சோதித்து ஆணா பெண்ணா என்பதையும், மரபணுவைச் சோதித்து எந்தக் கரையில் பிறந்தவை என்பதையும் கண்டறிந்தார்கள். 2018இல் வந்த முடிவு: வடக்குக் கரைகளில் பிறந்த இளம் ஆமைகளில் 99 சதவீதம் பெண். வளர்ந்தவற்றில் 87 சதவீதம். மணல் அவ்வளவு சூடேறாத தெற்குக் கரைகளில் பிறந்தவற்றில் பெண்கள் 65 முதல் 69 சதவீதம்தான். வடக்கில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகவே பெரும்பாலும் பெண் குஞ்சுகள்தான் பொரித்துவந்திருக்கின்றன.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது, இந்த ஆபத்து கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான். கரையேறி முட்டையிடுவது பெண் மட்டுமே. பெண்கள் பெருகினால் முட்டைக் குழிகளும் பெருகும். கணக்கெடுப்பவர்கள் மகிழ்ச்சியோடு எழுதி வைப்பார்கள். பேராமை பருவமடைய இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள்கூட ஆகும். ஆண் பஞ்சம் வெளியே தெரிய வரும்போது ஒரு தலைமுறையே கடந்திருக்கும். ஓர் ஆண் பல பெண்களோடு சேரும், பெண்ணைவிட அடிக்கடி இனப்பெருக்கத்துக்கு வரும் என்பதால் கொஞ்சம் ஆண்கள் இருந்தாலும் சமாளிக்கலாம். ஆனால் நூற்றுக்கு ஒன்று போதுமா? அப்புறம், சூடு மேலும் ஏறினால் கரு குழிக்குள்ளேயே வெந்து செத்துவிடும்.

நம் சோழமண்டலக் கரைக்கு வருவது பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி). சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவில் கடற்கரை நெடுக நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறார்கள். நாயிடமிருந்தும் திருட்டிலிருந்தும் காக்கும் அந்த வேலையில் இன்னொரு பொறுப்பும் சேர்ந்திருக்கிறது. முட்டையை எங்கே, எவ்வளவு ஆழத்தில், நிழலிலா வெயிலிலா புதைக்கிறோம் என்பதே குஞ்சின் பாலைத் தீர்மானித்துவிடும். தை மாதத்தில் இட்ட முட்டைக்குக் கிடைக்கும் மணலும், பங்குனியில் இட்டு சித்திரை வெயிலில் கிடக்கும் முட்டைக்குக் கிடைக்கும் மணலும் ஒன்றல்ல. ஆண் குஞ்சுகள் வர வாய்ப்பு அதிகமுள்ளவை பருவத்தின் தொடக்கத்தில் இடப்படும் அந்தத் தை மாதக் குழிகள்தான். ஒவ்வொரு பருவத்திலும் இரவு நடையைச் சில நாட்கள் முன்கூட்டியே தொடங்கி, அவற்றில் ஒன்றுகூட வீணாகாமல் பார்த்துக்கொள்வது இன்றைக்கே செய்யக்கூடிய வேலை.